சோழன் மாளிகையின் சீனக் கிண்ணமும் ஜப்பானியத் தேநீர் அறையும்

மேட்டு நிலத்தின் வரலாறு – 17

ஆண்டிமடத்திலிருந்து தெற்கே ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கங்கைகொண்ட சோழபுரம். வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில், உட்கோட்டையை ஒட்டி மாளிகைமேடு இருக்கிறது. முதலாம் இராசேந்திரனும் அவனுக்குப் பின்வந்த சோழர்களும் குடியிருந்த அரண்மனையின் அடித்தளம் அங்கேதான் மண்ணுக்குள் கிடக்கிறது. அதன் செங்கல் சுவர்களையும், கூரை ஓடுகளையும், மரச்சட்டங்களைப் பிணைத்த இரும்பு ஆணிகளையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அதே குழிகளில் கிடைத்த இன்னொரு பொருளைப் பற்றி அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கு ஒரு பகுதி முழுவதும் வேண்டும் என்று நிறுத்தி வைத்திருந்தேன்.

சீனத்துப் பீங்கான் ஓடுகள்தான் அவை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-81இல் மாளிகைமேட்டில் அகழாய்வைத் தொடங்கியது. பிறகு பல கட்டங்களாகத் தோண்டி, 2021 முதல் மீண்டும் அங்கே வேலை நடந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும், நம்மூர்ச் சிவப்புப் பானை ஓடுகளின் குவியலுக்குள் பச்சையும் வெள்ளையுமாகச் சில துண்டுகள் பளபளத்தன. சீனாவில் சோங் அரச மரபு ஆண்ட காலத்தில், அதாவது நம் சோழர் கோலோச்சிய 11, 12ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்டவை அவை.

ஒரு துண்டைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது எடை. அதன் அளவுக்கு அது கனக்கும். உடைந்த விளிம்பைப் பார்த்தால் உள்ளே சாம்பல் கலந்த வெண்மை; அதன்மேல் இரு பக்கமும் மெல்லிய கண்ணாடிப் படலம். படலத்துக்குள் ஊசிமுனை அளவுக் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருக்கும். கிண்ணத்தின் அடிப்பகுதித் துண்டாக இருந்தால், பீடம்போல் ஒரு வளையமும், அந்த வளையத்தில் பூச்சு இல்லாத சொரசொரப்பும் விரலுக்குத் தட்டுப்படும். பூச்சு உருகும்போது தரையோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று குயவர் துடைத்துவிட்ட இடம் அது. நம் பானை ஓட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஓடு உடனே குடித்துவிடும். நாக்கில் வைத்தால் ஒட்டும். சீன ஓட்டின்மேல் சொட்டு அப்படியே நிற்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கைத்திறனில் இல்லை. மண்ணிலும் நெருப்பிலும் இருக்கிறது. நம் குயவர் ஏரி வண்டலை எடுத்து, மிதித்து, சக்கரத்தில் வனைந்து, அடிப்பாகத்தைத் தட்டுப்பலகையால் தட்டி உருண்டையாக்கி, வைக்கோலும் விறகும் அடுக்கிச் சூளை வைக்கிறார். வெப்பம் 700 முதல் 900 டிகிரி வரை போகும். சமையலுக்கும் குடிதண்ணீருக்கும் அந்த வேக்காடுதான் சரி. பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. அதே வண்டலை 1200 டிகிரிக்குக் கொண்டுபோனால் பானை நிற்காது. அதிலுள்ள இரும்பும் சுண்ணமும் அதை இளக்கிச் சரித்துவிடும். சீனத்தின் தென்கிழக்கு மலைகளில் கிடைத்த மண்ணோ அந்த வெப்பத்தைத் தாங்கியது. அங்கிருந்த குயவர்கள் மலைச்சரிவின் மேல்நோக்கி நீண்ட சூளைகளைக் கட்டினார்கள். சில சூளைகள் 100 மீட்டருக்கும் மேல் நீளம். கீழே மூட்டிய நெருப்பு சரிவிலேயே புகைபோக்கிபோல் ஏறும். பக்கவாட்டுத் துளைகள் வழியே விறகைப் போட்டுக்கொண்டே போவார்கள். ஒரே சூளையில் பல்லாயிரம் கிண்ணங்கள் வெந்தன.

பூச்சு என்பது விறகுச் சாம்பலும் மண்ணும் கரைத்த குழம்பு. விருத்தாசலத்துப் பட்டறைகளில் இதைக் ‘கிளேஸ்’ என்பார்கள். சாம்பலிலுள்ள சுண்ணமும் பொட்டாசும் மண்ணின் சிலிக்காவை உருக்கிக் கண்ணாடியாக்கும். அந்தக் குழம்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு இருந்து, சூளைக்குள் காற்றைக் குறைத்துப் புகையோடு எரித்தால் பச்சை வரும். அதே குழம்பு, அதே இரும்பு. காற்று கொஞ்சம் கூடுதலாக நுழைந்துவிட்டால் பச்சை போய் மஞ்சளும் பழுப்புமாக நிற்கும். இரும்பு ஐந்தாறு பங்காக ஏறினால் கறுப்பு. இந்த மூன்று நிறங்களும் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும்.

இனி, இந்தக் கிண்ணங்கள் இங்கே எப்படி வந்தன என்பது. சோழர் தூதுக் குழு ஒன்று 1015இல் சோங் பேரரசரின் அவைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சீன அரச ஏடுகள் பதிந்திருக்கின்றன. அனுப்பியவன் முதலாம் இராசராசன். பயணம் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. முத்தும் யானைத் தந்தமும் கொண்டு அவர்கள் பேரரசர் முன் நின்றபோது அனுப்பிய மன்னன் உயிரோடு இல்லை. 1033இல் இராசேந்திரன் பெயரால் இன்னொரு தூது. 1077இல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் கொண்ட குழு போய், 81,800 சரம் செப்புக்காசுகளைப் பெற்றுத் திரும்பியது. அரசத் தூது என்ற பெயரில் நடந்த பெரும் வணிகம் இது. தூதர்களுக்கு முன்னும் பின்னும் வணிகர்கள் போய்வந்துகொண்டே இருந்தார்கள். சுமத்ராவின் பாருஸ் அருகே 1088இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டு வைத்ததும், சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் கோயிலில் திருமேனி எழுந்தருளுவித்துத் தமிழும் சீனமும் கலந்த கல்வெட்டு பொறித்ததும் அந்தப் போக்குவரத்தின் தடயங்கள்.

சுவான்சோவை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சீனத்தின் புஜியான் கரையிலுள்ள இந்த ஊரில் 1087இல் சோங் அரசு கடல் வணிக அலுவலகம் திறந்தது. அதன் பின்னிலத்து மலைகளெல்லாம் சூளைகள். பச்சைக் கிண்ணம், வெள்ளைக் கிண்ணம், பழுப்பு ஜாடி என்று கப்பலுக்காகவே செய்த சரக்கு அங்கிருந்து புறப்பட்டது. கப்பலின் அடித்தட்டில் பாரத்துக்கு அடுக்க அதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை. நனைந்தாலும் கெடாது, கப்பலும் ஆடாது. தெற்கே திரும்பிய கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாக நம் கரைக்கு வந்தன. வடக்கே திரும்பியவை ஜப்பானின் ஹகாதா துறைமுகத்துக்குப் போயின.

தெற்கே வந்தவற்றின் ஓடுகள் இன்று அரண்மனை மண்மேட்டிலும் கடற்கரை மணலிலும் கிடக்கின்றன. வடக்கே போனவற்றுக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது.

சோங் காலத்துச் சீனர்கள் தேயிலையைப் பொடியாக்கிக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க அடித்துக் குடித்தார்கள். யாருடைய கிண்ணத்தில் நுரை அதிக நேரம் நிற்கிறது என்று போட்டி வைப்பார்கள். வெள்ளை நுரை எடுப்பாகத் தெரியக் கறுப்புக் கிண்ணம் வேண்டும். சூடு தங்கக் கனமாக இருக்க வேண்டும். புஜியானின் வடக்கு மலையில் ஜியான் சூளைகள் இதற்கென்றே கறுப்புக் கிண்ணம் செய்தன. இரும்பு மிகுந்த பூச்சு உருகி வழியும்போது, குமிழோடு மேலே வந்த இரும்பு, மயிரிழை மயிரிழையாகக் கீழே இறங்கி உறையும். சீனர் இதை முயல்மயிர் என்றார்கள். பேரரசர் ஹுய்சோங் 1107இல் தேநீரைப் பற்றித் தாமே எழுதிய நூலில் இந்தக் கிண்ணத்தைத்தான் உயர்வாகச் சொல்கிறார்.

சீனத்துப் பௌத்த மடங்களில் தங்கிப் படித்த ஜப்பானியத் துறவிகள் தேயிலையையும் கிண்ணத்தையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். எய்சாய் என்ற துறவி 1191இல் தேயிலை விதையோடு திரும்பினார். 1211இல் தேநீரின் மருத்துவ குணம் பற்றி நூல் எழுதினார். சீனாவில் பின்னர் தேயிலையைக் கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் வந்தது. கறுப்புக் கிண்ணத்தின் தேவை போயிற்று. ஜியான் சூளைகள் அணைந்தன. ஜப்பானிலோ பொடித்தேநீர் நிலைத்தது. தென்மொகு என்று அவர்கள் அழைத்த அந்தக் கறுப்புக் கிண்ணங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் விலை ஏறின.

அவற்றில் யோஹென் என்ற வகைக்கு உலகத்தில் முழுதாக எஞ்சியவை மூன்றுதான்; மூன்றும் ஜப்பானில், மூன்றும் தேசியப் பொக்கிஷங்கள். கறுப்புப் பரப்பில் சிறு வட்டங்கள் கூட்டமாக விழுந்து, ஒவ்வொன்றையும் சுற்றி நீலமும் ஊதாவும் ஒளிரும். தோக்கியோவின் செய்காதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் கிண்ணம் ஷோகன் என்ற படையாட்சித் தலைவரின் குடும்பத்திடமிருந்து இனாபா என்ற பிரபுக் குடும்பத்துக்கு வந்து, 1934இல் மிட்சுபிஷி நிறுவனத்தின் தலைவர் இவாசாகி கொயாதா கைக்குப் போனது. அவர் அதில் ஒருமுறைகூடத் தேநீர் அருந்தவில்லை. தமக்கு அந்தத் தகுதி இல்லை என்று எண்ணினார். செய்த நாட்டில் முழுக் கிண்ணம் ஒன்றுகூட இல்லை. ஹாங்சோ நகரில் 2009இல் கட்டுமானப் பள்ளம் ஒன்றில் உடைந்த யோஹென் ஓடுகள் கிடைத்தன.

பச்சைக் கிண்ணத்துக்கும் இதே பெருமை உண்டு. ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவிடம் சீனத்தின் லோங்சுவான் சூளையில் செய்த இளம்பச்சைக் கிண்ணம் ஒன்று இருந்தது. அடியில் விரிசல் விட்டது. மாற்றாக அதேபோல் ஒன்று கேட்டு அதைச் சீனாவுக்கு அனுப்பினார். பின்னாளில் ஆண்ட மிங் அரச மரபின் காலத்துச் சீனத்தில் அப்படியொரு கிண்ணம் செய்ய முடியாமல், விரிசலை இரும்புக் கொக்கிகளால் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கொக்கிகள் வெட்டுக்கிளிகள்போல் துருத்திக்கொண்டு நின்றன. ஜப்பானியர் அதற்காகவே அந்தக் கிண்ணத்தைக் கூடுதலாகப் போற்றி, பாகோஹான் என்று பெயரும் சூட்டினார்கள். இன்று அது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என்னை அதிகம் ஈர்ப்பது இவை இரண்டும் இல்லை, மூன்றாவது நிறம். சூளைக்குள் காற்று கூடிப்போய்ப் பச்சைக்குப் பதிலாக மஞ்சளும் பழுப்புமாக வந்த கிண்ணங்கள். உட்புறம் சீப்புப் பல்லால் விறுவிறுவென்று இழுத்த கோடுகள், வெளியே நெட்டுக்கோடுகள். சுவான்சோவுக்குத் தெற்கே தோங்கான் சூளைகளில் ஏற்றுமதிக்காகக் கோடிக்கணக்கில் வனைந்து தள்ளிய மலிவுச் சரக்கு. ஹகாதாவில் எங்கே அஸ்திவாரம் தோண்டினாலும் இந்த ஓடு வரும். முராத்தா ஜுகோ (1423–1502) என்ற நாரா நகரத்துத் துறவி இதைத்தான் தம் தேநீர்க் கிண்ணமாக எடுத்தார். பிரபுக்களின் மாளிகைகளில் விலையுயர்ந்த சீனப் பொருள்களைக் கடைபரப்பித் தேநீர் வழங்கிய காலம் அது. ஜுகோ சிறிய அறையில், குறைவான பொருள்களோடு, நிறம் தவறிய கிண்ணத்தில் தேநீர் கொடுத்தார். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் எளிமை அவரிடமிருந்தே தொடங்குகிறது. அந்த வகைக் கிண்ணத்தை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

சடங்கில் கிண்ணத்துக்கு என்ன இடம் என்று தெரிந்தால்தான் இந்த மதிப்பு விளங்கும். விருந்தளிப்பவர் கிண்ணத்தை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்குகிறார், துணியால் துடைக்கிறார், பச்சைத் தேயிலைப் பொடியை இட்டு நீரூற்றி மூங்கில் துடைப்பத்தால் அடிக்கிறார். கிண்ணத்தின் அழகான முகம் விருந்தினரைப் பார்க்கும்படி வைக்கிறார். விருந்தினர் அதை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் சற்றுத் திருப்பி, அந்த முகத்தில் தம் வாய் படாமல் குடிக்கிறார். குடித்து முடித்தபின் தலை தாழ்த்திக் கிண்ணத்தை உருட்டி உருட்டிப் பார்க்கிறார். அடி வளையத்தைப் பார்க்கிறார். யார் செய்தது, என்ன பெயர் என்று கேட்கிறார். அடுத்த விருந்து வரை அது பட்டுப்பையில், பெயரெழுதிய மரப்பெட்டிக்குள் இருக்கும். பழைய கிண்ணத்துக்கு இருந்த மதிப்புக்குக் கடலடியிலும் சான்று உண்டு. கொரியக் கடலோரம் சினான் அருகே மூழ்கிக் கிடந்த கப்பல் ஒன்றை 1976 முதல் அகழ்ந்தெடுத்தார்கள். 1323இல் சீனாவிலிருந்து ஜப்பான் போன கப்பல் அது. 20,000க்கும் மேற்பட்ட புதிய பீங்கான்களுக்கு நடுவே, பலர் குடித்துத் தேய்ந்த பழைய கறுப்புக் கிண்ணங்களும் இருந்தன. பழையது என்பதற்காகவே ஜப்பானில் வாங்குவார்கள் என்று அந்த வணிகனுக்குத் தெரிந்திருந்தது.

சோழன் மாளிகைக்கு வந்த கிண்ணத்துக்கு ஏன் பெயரும் பெட்டியும் கிடைக்கவில்லை? நம் முன்னோருக்கு அழகு தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தி முன் ஒரு நிமிடம் நின்றவர் அப்படிச் சொல்லவே முடியாது. பதில் நம் பந்தியில் இருக்கிறது என்பது என் முடிவு. நாம் இலையில் உண்டோம்; உண்டபின் எறிந்தோம். வாய் வைத்துக் குடிக்காமல் அண்ணாந்து குடித்தோம். மண்பாண்டம் எச்சில் பட்டால் கழுவிக் கரையேற்ற முடியாது என்பது நம் வழக்கம். பொங்கலுக்குப் பொங்கல் புதுப்பானை வாங்குவதும் அதே வழிதான். தலைமுறைக்கும் இருக்க வேண்டிய பாத்திரம் என்றால் உலோகம். புளி போட்டுத் தேய்த்தால் செம்பு புதிதாகும். நெளிந்தால் கன்னார் உருக்கி மறுபடி வார்த்துத் தருவார். இராசராசன் தஞ்சைக் கோயிலுக்குக் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரங்களைக் கல்வெட்டுகள் எடையோடு வரிசையாகச் சொல்கின்றன. இப்படியொரு வழக்கத்துக்குள் மண்ணால் செய்து, உதடு வைத்துக் குடித்து, நூறாண்டு காக்க வேண்டிய கிண்ணத்துக்கு வேலை இருக்கவில்லை. அரண்மனையில் அது அயல்நாட்டு அரும்பொருளாக இருந்தது. அரண்மனை போனபோது அதுவும் போனது.

உலோகம் தோற்ற ஓரிடத்தில் மட்டும் பூச்சுப் பாண்டம் நம் வீட்டுக்குள் நிலையாக வந்து உட்கார்ந்தது. உப்பும் புளிப்பும் செம்பைத் தின்னும். மண்பானை எண்ணெயைக் குடிக்கும். அதனால் மாவடுவுக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் பழுப்பு மேலும் வெள்ளைக் கீழுமான பீங்கான் ஜாடி. ஆண்டிமடம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் இன்றும் பாட்டி காலத்து ஜாடி ஒன்றாவது இருக்கும். அதை யாரும் வெளியே எறிவதில்லை. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தார்கள். கழுத்து உடைந்தாலும் உப்பு போட்டு வைத்தார்கள். பயன் இருந்தால் நாமும் பூச்சு மண்ணைத் தலைமுறை தாண்டிக் காப்போம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஜப்பானியரும் சீனக் கிண்ணத்தோடு நின்றுவிடவில்லை. ஜுகோவுக்குப் பின் இரண்டு தலைமுறை கழித்து வந்த தேநீர்ச் சடங்கு ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591), சீனக் கிண்ணத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு, கியோத்தோ நகரத்து ஓட்டுக்காரர் ஒருவரிடம் போனார். அவர் பெயர் சோஜிரோ. கூரை முகட்டுக்கு அழகு ஓடுகள் செய்துவந்த குடும்பம். தந்தை சீனத்திலிருந்து வந்தவர். 1574இல் சோஜிரோ செய்த சிங்க உருவம் ஒன்று இன்றும் இருக்கிறது. ரிக்யூ கேட்டபடி அவர் சக்கரம் இல்லாமல் இரு உள்ளங்கைகளால் அழுத்தியே கிண்ணம் செய்தார். பிறகு கத்தியால் சீவி வடிவம் கொடுத்தார். கியோத்தோவின் காமோ ஆற்றுக் கல்லைப் பொடித்துக் கறுப்புப் பூச்சு. சிறிய உலையில் ஒவ்வொன்றாக வைத்து, பூச்சு உருகிக்கொண்டிருக்கும்போதே இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்து ஆறவைப்பார். திடீர்க் குளிரில் அந்தப் பூச்சு ஒளி அடங்கிய கறுப்பாகும். கறுப்பின்மேல் பச்சைத் தேநீர் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். ரிக்யூ தேடியது அதைத்தான். ராக்கு என்ற அந்தக் குடும்பத்தில் இப்போது பதினாறாம் தலைமுறை அதே வேலையைச் செய்கிறது.

ராக்குக் கிண்ணத்தின் உடல், பீங்கானைவிட நம் பானைக்கே நெருங்கிய உறவு. மென்மையான, நுண்துளை நிறைந்த, சூட்டைக் கைக்கு மெதுவாகக் கடத்துகிற மண். ஆண்டிமடம் வட்டாரத்தில் ஐயனாருக்கு மண்குதிரை செய்யும் வேளார் ஒருவர் சோஜிரோவின் கிண்ணத்தைக் கையில் வாங்கினால், அதன் மண்ணை உடனே புரிந்துகொள்வார். குதிரையின் கழுத்தையும் அவர் சக்கரம் இல்லாமல் கையால்தான் வளர்த்தெடுக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் சீனக் கிண்ணத்தைப் போற்றிய ஜப்பான், கடைசியில் தன் ஊர் மண்ணுக்கும் தன் ஊர் ஓட்டுக்காரரின் கைக்கும் வந்து சேர்ந்தது. சோழநாட்டில் கூரை ஓடு செய்தவர்களும் இருந்தார்கள். மாளிகைமேட்டில் அவர்கள் ஓடுகளைப் பார்க்கிறோம். அவர்களிடம் போய்க் கிண்ணம் கேட்க இங்கே ஒரு ரிக்யூ தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு மண்ணில் கிடக்கும் சீன ஓடுகளைத் தேடிப் பொறுக்கி, வகைபிரித்து, ஊர் ஊராகப் பதிவுசெய்ய முன்னின்றவர் ஒரு ஜப்பானியர் என்பதும் இந்தக் கதையின் பகுதியே. நொபொரு கராஷிமா, 1933இல் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழும் கல்வெட்டும் படித்தார். திருச்சி அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் நில உடைமையைக் கல்வெட்டுகளைக் கொண்டு ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை, சோழர் வரலாற்றைப் படிக்கும் முறையையே மாற்றியது. எ. சுப்பராயலு, மட்சுயி தோரு ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கெல்லாம் அகரவரிசை தொகுத்து 1978இல் வெளியிட்டார்.

கல்வெட்டில் வரும் வணிகர்களின் சரக்கு எங்கே என்ற கேள்விதான் அவரை ஓடுகளிடம் கொண்டுவந்தது. ஜப்பானில் அதற்கு முன்பே மிகாமி சுகியோ என்ற அறிஞர், எகிப்து முதல் சீனம் வரை கடற்கரை நெடுகச் சீன ஓடுகளைத் தேடி நடந்து, பட்டுப்பாதைபோல் கடலில் ஒரு பீங்கான் பாதை இருந்தது என்று காட்டியிருந்தார். கராஷிமாவும் சுப்பராயலுவும் ஜப்பானியப் பீங்கான் வல்லுநர்களை அழைத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், இலங்கைக் கரைகளில் நடந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தில் தென்னந்தோப்புகளுக்குள் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கே 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. லோங்சுவான் பச்சைக்கு நிகராகப் புஜியான் சூளைகளின் சரக்கும் அங்கே வந்திருந்தது. யாழ்ப்பாணத்தை ஒட்டிய அல்லைப்பிட்டியில் ஜான் கார்ஸ்வெல் 1977இல் எடுத்த சோங் காலக் குவியலோடும், அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் 1945இல் கண்ட பச்சை ஓடுகளோடும் இவற்றை ஒப்பிட முடிந்தது. ஆய்வின் முடிவுகள் 2002லும் 2004லும் நூல்களாக வந்தன. கராஷிமாவுக்கு 2013இல் பத்மஸ்ரீ. 2015 நவம்பரில் மறைந்தார்.

தேநீர்க் கிண்ணத்தின் அடி வளையத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஐந்நூறு ஆண்டுகளாக ஊறிய நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஓர் ஓட்டின் பூச்சைப் பார்த்துச் சூளையையும், அடி வளையத்தைச் சீவிய விதத்தைப் பார்த்துக் காலத்தையும் சொல்லும் கல்வி ஜப்பானில் வளர்ந்ததற்குத் தேநீர் அறை ஒரு முக்கியக் காரணம். அந்தக் கண்தான் நம் கரை மணலில் மிதிபட்டுக் கிடந்த துண்டுகளுக்கு ஊரும் ஆண்டும் கொடுத்தது. நம் கல்வெட்டுகள் சொல்லாத ஒரு பக்கம் அதனால் படிக்கக் கிடைத்தது. இதற்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்று உயர்வெப்பச் சூளைக்காக ஆண்டிமடத்துக்காரர் கடல் கடக்க வேண்டியதில்லை. வடக்கே விருத்தாசலத்துக்குப் பேருந்து ஏறினால் போதும். அங்கே அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் பீங்கான் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. அகல்விளக்கும், பொம்மையும், மின்சாரப் பியூஸ் கட்டையும் அங்கே வேகின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் அந்தச் சூட்டைத் தாங்கும் மண். புதுச்சேரியில் ரே மீக்கரும், ஜப்பானில் மண்பாண்டக் கலை பயின்ற டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டப் பட்டறை, சவுக்கு விறகு எரித்துப் பூச்சுப் பாண்டம் செய்து, இரண்டு தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கிவிட்டது. பச்சை, கறுப்பு இரண்டு பூச்சும் இப்போது நம் கரைக்கும் தெரியும். வேளார் வீட்டுப் பிள்ளைகள் விருத்தாசலத்துக் கல்லூரியில் சேர்ந்து, ஐயனார் குதிரையின் கைப்பழக்கத்தை அந்தச் சூளைக்குக் கொண்டுபோனால், தேநீர்க் கிண்ணமோ ஊறுகாய் ஜாடியோ, எதைச் செய்தாலும் அது நம் மண்ணின் பொருளாக இருக்கும்.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உட்கோட்டை, மாளிகைமேடு, கங்கைகொண்ட சோழபுரம் சுற்றுவட்டாரத்தில் உழும்போதும் கிணறு தோண்டும்போதும் பளபளப்பான பச்சை, வெள்ளை, பழுப்பு ஓடு கண்ணில் பட்டால், அதை உடைந்த சோப்புப்பெட்டி என்றோ டீக்கடைக் கோப்பை என்றோ வரப்பில் வீசிவிடாதீர்கள். உடைந்த விளிம்பைப் பாருங்கள். தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள். எந்த நிலத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடத்தை விட்டுப் பிரித்த ஓடு பாதிக் கதையை இழந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடமோ கங்கைகொண்ட சோழபுரத்து அகழ்வைப்பகத்திலோ சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. விலை பேசி வாங்க ஆள் வந்தால் கொடுக்காதீர்கள்.

மாளிகைமேட்டில் இத்தனை ஓடு கிடைத்தும் முழுக் கிண்ணம் கிடைப்பது அரிதாக இருப்பதற்கு அரண்மனை அழிந்தது மட்டும் காரணம் ஆகாது. பின்னாளில் வீடு கட்டச் செங்கல் தேடியவர்கள் அந்த மேட்டைப் பலமுறை கிளறிவிட்டார்கள். கோயிலின் மதிலுக்கு அதைவிடப் பெரிய அடி 1836இல் விழுந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட அந்தக் கற்கள் எப்படிப் போயின என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.